அளவு பிசகிய கண்ணாடி

தலையிடி என்பது எங்கள் மலைநாட்டில் ஒரு நோயாகக் கணிக்கப்படுவதில்லை. காய்ச்சல் என்றால் ஒரு நாள் பெரட்டுக்குப் போகாமல் இருக்கலாம். கால் வீங்கினால், அட்டை கடித்த புண் பழுத்தால், தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு துண்டு வாங்கிக்கொள்ளலாம். தலையிடி என்று சொன்னால் கங்காணி சிரிப்பார். கண்ணுக்குத் தெரியாத நோவை நம்புவதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை. நெற்றியிலே சித்தாலேபவைப் பூசி, அதன்மேல் ஒரு துணியை இறுகக் கட்டிக்கொண்டு மலையேறும் பெண்களை நான் சிறு வயது முதல் கண்டிருக்கிறேன். என் தாயும் அவர்களில் ஒருத்தி. அவர்களுடைய தலையில் ஏற்கெனவே கூடையின் கயிறு அழுந்திக் கிடக்கும். ஆகவே நோவுக்கு வேறு காரணம் தேட வேண்டிய அவசியம் எவருக்கும் ஏற்படவில்லை.

நான் எழுத வந்தது என்னுடைய தலையிடியைப் பற்றி. அது மிகவும் சிறிய விஷயம். ஆனால் அந்தச் சிறிய விஷயத்தின் வழியாகத்தான் என் வகுப்பு மாணவி ஒருத்திக்கு நான் செய்த அநியாயம் எனக்குத் தெரியவந்தது. அதைச் சக ஆசிரியர்களிடமும் ஆசிரியர்களாக வரப்போகிற மாணவர்களிடமும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில், லயத்துக் காம்பரா ஒன்றிலே பிறந்தவன் நான். குப்பி விளக்கில் படித்த காலத்திலேயே எனக்குத் தலையிடி உண்டு. பாட்டி சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவாள். விளக்குப் புகைதான் காரணம் என்பாள். பேராதனையில் தமிழ் படிக்கச் சென்றபோது புகையில்லாத மின்விளக்கு கிடைத்தது, தலையிடி மட்டும் கூடவே வந்தது. பழைய உரைகளைப் பொடி எழுத்துப் பதிப்புகளில் இரவிரவாகப் படிப்பதனால் வருகிறது என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேன். கண்ணைப் பற்றி நான் சந்தேகிக்கவே இல்லை. ஏனெனில் எதிர்மலையில் ஊர்ந்து போகும் பஸ்ஸை எல்லாருக்கும் முன்னதாகக் காண்கிறவன் நான். பருவகாலத்தில் சிவனொளிபாத மலையின் படிவரிசை விளக்குகளைத் தனித்தனியாக எண்ணிக் காட்டுகிறவன். அவ்வளவு தூரம் தெரிகிறவனுக்குக் கண்ணிலே குறை என்றால் யார்தான் நம்புவார்கள்?

குறை அதுவேதான். நீள்பார்வை உள்ள கண், தூரத்துப் பொருளைப் பார்ப்பதற்கே தன் உள்வில்லையைச் சற்று வளைத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. புத்தகத்தைப் பார்ப்பதற்கு அதைவிட இன்னும் அதிகமாக வளைக்க வேண்டும். இளமையில் அந்தத் தசைக்கு வலு இருப்பதனால் எழுத்துத் தெளிவாகவே தெரியும். விலையைத் தலை கொடுக்கும். ஒல்லாந்தைச் சேர்ந்த டொண்டர்ஸ் என்ற கண் வைத்தியர் 1864இல் தமது பெருநூலில் இதை விளக்கினார். அதற்கு முன்பு, வாசிப்பிலும் தையலிலும் கண் சோர்ந்து தலை நோகிறது என்று வந்தவர்களுக்கு, இது தீராத பலவீனம், இந்தத் தொழிலை விட்டுவிடு என்று புத்தி சொல்லி அனுப்பிய வைத்தியர்கள் பலர். தையற்காரி தொழிலை விட்டால் எதைத் தின்பாள் என்பது அவர்களுடைய சாஸ்திரத்தில் இல்லை. குவிந்த வில்லை ஒன்று போதும் என்றார் டொண்டர்ஸ்.

எனக்கும் அந்தக் குவிந்த வில்லை 2024இல் ஒருவாறு கிடைத்தது. முப்பது வயதைக் கடந்த பின்னர் தசை தளரத் தொடங்கியதனால், விடைத்தாளிலே எழுத்துக்கள் மங்கலாயின. நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். இலவசப் பரிசோதனை என்று பலகை தொங்கியது. ஓர் இளைஞர் இயந்திரத்தின் முன்னால் என்னை உட்கார வைத்து, சில இலக்கங்களை எழுதிக்கொண்டார். சட்டத்தைத் தெரிவுசெய்யும்போது, அகலமானதுதான் இப்போது எடுப்பு என்றார், நானும் இணங்கினேன். நான் கொடுத்த விலை, அந்த ஆண்டு வர்த்தமானியில் வந்த 1350 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு பெண் பத்து நாள் முழுப்பேர் போட்டால் கிடைக்கும் தொகைக்குக் குறையாது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் என்னால் எதையும் வாங்க முடிவதில்லை. இது என் பிறவிப் பழக்கம்.

கண்ணாடியை அணிந்தவுடன் எழுத்துப் பெரிதாகத் தெரிந்தது. தரை சற்றே சரிந்தாற்போலவும் இருந்தது. பத்து மணிக்கெல்லாம் புருவத்தின்மேல் யாரோ விரலால் அழுத்துவது போன்ற ஒரு பாரம். மத்தியானத்தில் அது பின்தலைக்குப் போய்விடும். மாலையில் கண்ணைச் சுழற்றினால் குமட்டும். கடைக்குத் திரும்பச் சென்று சொன்னேன். "புதுசுதானே சேர், ரெண்டு கிழமையில பழகிரும்" என்றார்கள்.

பழகிவிடும் என்ற சொல் மலையகத்துக்கு மிகவும் பழக்கமானது. குளிர் பழகிவிடும், அட்டை பழகிவிடும், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறையும் பழகிவிடும் என்று சொல்லித்தான் எங்களை இங்கே வைத்திருந்தார்கள். படித்தவனாகிய நானும் அந்தச் சொல்லை நம்பி ஏழு மாதம் அந்தக் கண்ணாடியைச் சுமந்தேன். பனடோல் சட்டைப்பையிலேயே இருந்தது. வகுப்பிலே என் குரல் உயர்ந்தது. மாணவர்கள் என் முகத்தைப் பார்த்து நாளின் தன்மையைத் தீர்மானிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட நாளொன்றில் பத்தாம் தரத்துக்குத் திருக்குறளிலே கல்வி அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். கற்றவர்களுடையவைதாம் கண்கள், மற்றவர்களுடையவை புண்கள் என்று வள்ளுவர் கடுமையாகச் சொல்லும் அந்தக் குறளை விளக்கிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி இரண்டு கைகளாலும் நெற்றியைத் தாங்கிக்கொண்டு கண்களை மூடியிருந்ததைக் கண்டேன். மூக்குக்குப் பெரிதான, தடித்த பழுப்புச் சட்டமுள்ள கண்ணாடி ஒன்று அவளுக்கு உண்டு. அது எப்போதும் வழுக்கி விழுந்துகொண்டே இருக்கும்.

"கண்ணாடி போட்டுக்கொண்டு தூங்குகிற கெட்டித்தனம் இந்த வகுப்பில் இவள் ஒருத்திக்குத்தான் உண்டு" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவள் எழுந்து நின்று, "மண்டையிடிங்க சேர்" என்றாள்.

"எனக்கும்தான் இடிக்கிறது. நான் தூங்குகிறேனா?"

மறுபடியும் சிரிப்பு. நான் சொன்னது பொய்யல்ல. எனக்கு உண்மையாகவே இடித்துக்கொண்டிருந்தது. என் நோவை எனக்குத் தெரியும். அவளுடைய நோவை நான் நம்பவில்லை. கங்காணியைப் பற்றி மேலே எழுதியதை வாசகர்கள் இந்த இடத்தில் என்மீது திருப்பிப் பிடிக்கலாம். அடுத்த கிழமையிலிருந்து அவள் பாடசாலைக்கு வரவில்லை. ஒருவரும் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. பத்தாம் தரத்தில் இப்படி ஒவ்வோர் ஆண்டும் சிலர் நின்றுவிடுகிறார்கள் என்ற சமாதானம் எங்கள் ஆசிரியர் அறையில் எப்போதும் தயாராக இருக்கிறது.

பின்னர் கண்டியில் விடைத்தாள் மதிப்பீட்டுக்குச் சென்றேன். மதிய இடைவேளையில் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, மாத்தளையிலிருந்து வந்திருந்த பௌதிக ஆசிரியர் ஒருவர் அதை எடுத்து, கை நீட்டிய தூரத்தில் பிடித்து, அதனூடாக யன்னல் கம்பியைப் பார்த்தார். கண்ணாடியை வலமும் இடமுமாகச் சற்றே திருப்பினார். கம்பி கத்தரிக்கோல் போலச் சாய்ந்து சாய்ந்து திரும்பியது. "இதில் உருளை வில்லையும் இருக்கிறது" என்றார். பிறகு கண்ணாடியைப் பக்கவாட்டாக நகர்த்தி, வில்லைக்குள்ளே தெரிகிற கம்பியும் வெளியே தெரிகிற கம்பியும் முறியாமல் ஒரே கோடாகச் சேரும் இடத்தைக் கண்டுபிடித்தார். அதுதான் வில்லையின் ஒளிமையம். இரண்டு வில்லையிலும் பேனாவால் ஒவ்வொரு புள்ளி வைத்தார். அடிமட்டத்தால் அளந்தார். 68 மில்லிமீற்றர். அதே அடிமட்டத்தை என் மூக்கின்மேல் பிடித்து, தூரத்தைப் பார்க்கச் சொல்லி, ஒரு கண்மணியின் நடுவிலிருந்து மற்றக் கண்மணியின் நடுவுக்கு அளந்தார். 60.

எட்டு மில்லிமீற்றர் என்பது மிகவும் சிறிய அளவுதான். ஆனால் வில்லையின் மையத்தை விட்டு விலகிப் பார்க்கிற கண், வில்லையை மட்டும் பார்ப்பதில்லை. ஓர் அரியத்தையும் சேர்த்தே பார்க்கிறது. எவ்வளவு அரியம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: விலகலைச் சென்ரிமீற்றரில் எடுத்து, வில்லையின் வலுவால் பெருக்க வேண்டும். என்னுடைய வில்லைகள் 2.50 டயொப்டர். 0.8ஐ 2.50ஆல் பெருக்கினால் 2. அதாவது ஒரு மீற்றர் தூரத்திலுள்ள பொருளை என் இரு கண்களுக்குமிடையே இரண்டு சென்ரிமீற்றர் இடம்பெயர்த்துக் காட்டியது அந்தக் கண்ணாடி. உருவம் இரண்டாகப் பிரியாமல் இருக்க, என் கண்கள் நாள் முழுவதும், ஒவ்வொரு வரிக்கும், தேவைக்கு மேலாக மூக்கை நோக்கித் திரும்பி நின்றன. கடையிலே என் முகத்தை ஒருவரும் அளக்கவில்லை. அகலமான சட்டத்தின் நடுவை என் கண்ணின் நடு என்று வைத்துக்கொண்டார்கள்.

உருளை வில்லையின் அச்சும் பிசகியிருந்தது என்பதை வேறு கடையில் மீண்டும் பரிசோதித்தபோது அறிந்தேன். இதிலே வேடிக்கையான ஓர் உண்மை இருக்கிறது: அந்த அச்சு முப்பது பாகை தவறினால், திருத்த வந்த வில்லை எவ்வளவு குறையைத் திருத்த வந்ததோ அவ்வளவு குறையை வேறொரு திசையில் உண்டாக்கிவிடும். இருந்தும் பயனில்லை. புதிய கண்ணாடி அணிந்து பத்து நாளில் என் சட்டைப்பையிலிருந்த மாத்திரைகளைத் தேட வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளாக என்னுடன் வாழ்ந்த ஒன்று போய்விட்டது. அந்தச் சுகத்தை வருணிக்க எனக்குத் தெரியவில்லை. ஒரு மாலை நேரம் வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்தச் சும்மா இருந்த நேரத்தில்தான் பழுப்புச் சட்டம் நினைவுக்கு வந்தது.

மறுநாள் பாடசாலை விட்டதும் அவளுடைய தோட்டத்துக்குப் போனேன். லயத்து இஸ்தோப்பில் அவள் தமையனின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். தாய் அப்போதுதான் கொழுந்து நிறுத்துவிட்டு வந்திருந்தாள். படங்கை அவிழ்க்காமலே பதறிக்கொண்டு முக்காலியைத் துடைத்துப் போட்டாள். தீபாவளி கழிந்ததும் கொழும்பிலே ஒரு துணிக்கடைக்கு மகளை அனுப்புவதாகப் பேச்சு என்றாள். "படிப்பு மண்டையில ஏறலீங்க சேர். புஸ்தகத்த எடுத்தாலே மண்டையிடிங்குது. டிஸ்பென்சரில குளிசை குடுத்தாங்க, கோயில்ல தண்ணி ஓதிக் குடுத்தாங்க."

கண்ணாடியைக் கேட்டு வாங்கினேன். சுவரிலே லட்சுமி படம் போட்ட கலண்டர் தொங்கியது. மாத்தளை ஆசிரியர் செய்தது போல அதன்முன் பிடித்துப் பார்த்தேன். தேதிகள் பருத்துத் தெரிந்தன. காதிலே மாட்டும் தண்டின் உட்புறத்தில் 2.00 என்று பொடியாக அச்சிட்டிருந்தது. அது பெட்டியோடு வரும் ஆயத்தக் கண்ணாடி. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கிட்டப் பார்ப்பதற்காகக் கொடுப்பது. இரண்டு கண்ணுக்கும் ஒரே வலு, எல்லா முகத்துக்கும் ஒரே அகலம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது எங்கிருந்து வந்தது?

"எனக்குக் குடுத்ததுங்க" என்றாள் தாய். முந்திய ஆண்டு தோட்டத்தில் ஒரு கண் முகாம் நடந்ததாம். வரிசையில் நிறுத்தி, ஓர் அட்டையைக் காட்டி, ஆளுக்கொன்று கொடுத்தார்களாம். "வாசிக்கிற கண்ணாடின்னு சொல்லித்தாங்க குடுத்தாங்க. நான் என்னத்த வாசிக்கப் போறேன்? வாசிக்கிறவளுக்குக் குடுத்தேன்."

நான் பதில் சொல்லவில்லை. தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

அவள் செய்ததிலே பிழை எங்கே இருக்கிறது? கண்ணாடியைக் கொடுத்தவர்கள் அதன் பெயரைச் சொன்னார்கள்; அவள் அந்தப் பெயரை அப்படியே நம்பினாள். தமிழிலே நாம் வழங்கும் சொல்லும் அதற்குச் சளைத்ததல்ல. நாற்பதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவதை வெள்ளெழுத்து என்கிறோம். எழுத்து வெளிறிப்போதல். அந்தச் சொல்லை உண்டாக்கியவர் கையில் ஓர் ஏடு இருந்திருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பாடசாலையை விட்டவளுக்கு வெளிறிப்போவது எழுத்தல்ல, கொழுந்து. கையெட்டும் தூரத்தில், பனியிலும் சாரலிலும், இரண்டு இலையும் ஓர் அரும்பும் எது, முற்றிய இலை எது, வங்கி எது என்று கணத்துக்குக் கணம் பிரித்தறிய வேண்டிய வேலை அவளுடையது. எட்டு மணி நேரம் ஓயாமல் நடக்கும் வாசிப்பு அது. அதற்கென்று நம் அகராதியில் ஒரு சொல் இல்லை. ஆகவே அவளுக்கென்று ஒரு கண்ணாடியும் இருக்கலாகாது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

விசாரித்தால் மற்றக் கணக்கும் வந்தது. ஓர் ஆண்டாக அவளுடைய கொழுந்தில் முற்றல் கலந்திருக்கிறது என்று மடுவத்தில் கழிக்கிறார்களாம். 18 கிலோ நிறையாத நாட்களில் அரைப்பேர். "கண்ணு மசங்குதுங்க. வயசாச்சுல்ல" என்றாள். அவளுக்கு வயது நாற்பத்தேழு.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளரைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2018இல் லான்செற் குழுமத்தின் உலக சுகாதார இதழில் வெளிவந்தது. ஒரு சாராருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடியை உடனே கொடுத்தார்கள். மறு சாராருக்கு ஆய்வு முடிந்த பின்னரே கொடுத்தார்கள். முதற் சாரார் பறித்த கொழுந்து மற்றவர்களுடையதைவிட 21.7 சதவீதம் அதிகமாயிற்று. அந்தச் செய்தியை நான் முன்பே படித்திருந்தேன். படித்தபோது எனக்குச் சிறிது கோபமும் வந்தது. ஒரு மனுஷிக்குக் கண் தெரிய வேண்டும் என்பதற்குக் கிலோக் கணக்கா சாட்சி? அந்தக் கூடுதற் கிலோவின் பெரும்பங்கு யாருடைய பேரேட்டில் ஏறும் என்றும் கேட்கத் தோன்றியது. இந்த இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தபோதோ அந்த இலக்கம் வேறு விதமாக எனக்குப் பட்டது. ஓர் ஆண்டாக இந்த வீட்டில் விழுந்த அரைப்பேர்கள் எல்லாம் மகளின் முகத்தில் அந்தப் பழுப்புச் சட்டமாக உட்கார்ந்திருந்தன. தாயின் கூலியைத் தின்ற கண்ணாடி மகளின் தலையையும் நோகச் செய்துகொண்டிருந்தது. அதைக் கொடுத்தவர்களுடைய அறிக்கையில் அது பயனாளி ஒருவர் என்று பதிவாகியிருக்கும்.

மகளை வெளியே அழைத்து வந்து, கரும்பலகை எப்படித் தெரியும் என்று கேட்டேன். கண்ணாடி போட்டால் வெள்ளையாகப் புகை மாதிரி, போடாவிட்டால் கொஞ்சம் பரவாயில்லை என்றாள். "அப்படியானால் ஏன் போட்டாய்?" என்று கேட்டேன். தாயைப் பார்த்தாள். அம்மா கொடுத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பது அந்தப் பார்வை.

அரசாங்க வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் மூன்று தடவை காத்திருந்தோம். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான இயக்கம் 1964 முதல் அயல்நாடுகளுக்கு விழிவெண்படலங்களை அனுப்பிவரும் நாடு இது. இறந்தவர்களின் கண்ணை இவ்வளவு அக்கறையோடு பேணும் தேசத்தில், உயிரோடிருக்கும் ஒரு பிள்ளையின் கண்ணை அளக்க மூன்று நாட்கூலி போயிற்று. ஆனால் அங்கே இருந்தவர்கள் பொறுமையாக அளந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவளுக்கு இருந்தது குறும்பார்வை. அதோடு ஒரு கண்ணில் உருளைக் குறையும். குழிந்த வில்லை போட வேண்டிய கண்ணுக்கு ஓர் ஆண்டாகக் குவிந்த வில்லை. கண்மணிகளின் இடைவெளி 57 மில்லிமீற்றர். அதை நானும் அடிமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். நகைப்புக்கிடமான முன்னெச்சரிக்கைதான், ஆனாலும் விடவில்லை.

அவள் மீண்டும் வகுப்புக்கு வந்த அன்று, எல்லார் முன்னிலையிலும் நான் முன்பு சொன்னது தவறு என்று சொன்னேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றுவரை கேட்ட கேள்விக்கு மேல் ஒரு சொல்லும் என்னிடம் அவள் பேசுவதில்லை. கொழும்புக் கடைப் பேச்சு நின்றுவிட்டதா, ஒத்திப்போடப்பட்டிருக்கிறதா என்று எனக்குத் தெளிவாகத் தெரியாது. கணிதத்தில் இன்னும் பின்தங்கியே இருக்கிறாள். ஓர் ஆண்டுப் பாடத்தை எந்த வில்லையும் திருப்பித் தராது.

தாய் பழுப்புக் கண்ணாடியைக் கயிற்றிலே கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறாள். கங்காணி முதல் நாள் "தொரைசானி வாராங்க" என்று கேலி செய்தாராம். பனி இறங்கினால் வில்லை வேர்த்துவிடுகிறது, முந்தானையில் துடைத்துக்கொள்கிறாளாம். சந்தையில் கண்டபோது, மடுவத்தில் இப்போதும் கழிக்கிறார்களா என்று கேட்டேன்.

"கழிக்கிறாங்க சேர். முத்தலுக்குக் கழிக்கிறதில்ல. தண்ணிக்குக் கழிக்கிறாங்க."

நான் பாடசாலையில் ஒரு காரியம் தொடங்கியிருக்கிறேன். ‘ப’ என்ற எழுத்து இதற்கு மிகவும் வாய்ப்பானது. ஒரு பக்கம் திறந்த சதுரம். அதை நான்கு திசைக்கும் திருப்பித் திருப்பி, சிறிதாக்கிக்கொண்டே போய், ஓர் அட்டையில் வரைந்தேன். கடைசி வரியின் எழுத்து ஒன்பது மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரம். ஆறு மீற்றர் தூரத்திலிருந்து அது தெரிந்தால் தூரப்பார்வையில் பழுதில்லை என்பது 1862இல் ஸ்நெல்லன் வகுத்த அளவு. என்னைப் போன்ற நீள்பார்வைக்காரன் இந்த அட்டையில் தப்பிவிடுவான் என்பதனால், படிக்கும்போது தலை நோகிறதா என்றும் ஒவ்வொருவரிடமும் தனியே அழைத்துக் கேட்கிறேன். பத்தாம் தரத்தில் மட்டும் ஐந்து பேரின் பெயரை எழுதி, அதிபரின் ஒப்பத்தோடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பியிருக்கிறேன். நாள் குறித்து இன்னும் பதில் வரவில்லை. அதுவரை ஐவரையும் முன்வரிசைக்கு மாற்றிவிட்டேன். அவர்களில் ஒருவன் நல்ல நெடியவன். அவன் முதுகு கரும்பலகையை மறைக்கிறது என்று பின்னாலிருந்து தினமும் முறைப்பாடு வருகிறது.